ஏரியா கெட்டதா, அந்த முனை கெட்டதா? வடசென்னையில் அடிபடுவது யார்

கொருக்குப்பேட்டை கேட்:
மறுபடியும் ஒரு டிவி விவாதம். "வடசென்னை என்றாலே" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் கத்தினார்கள், அங்கே தினமும் அடிபடுகிறவன் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வெட்டுகிறவன் வடசென்னைக்காரன், சரி. வெட்டுப்படுகிறவனும், செல்போனைப் பறிகொடுக்கிறவளும், ராத்திரி வேலை முடிந்து நடந்து வருகிறவனும் எந்த ஊர்? பணக்காரர்கள் இருக்கும் போட் கிளப்பிலிருந்தா வந்து எங்கள் தெருவில் பறிகொடுக்கிறார்கள்?

எனக்குப் பல வருஷமாக ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சந்து, அந்தப் பக்கம் ஒரு சந்து. ஒரே சனம், ஏறக்குறைய ஒரே வாடகை, ஒரே ரேஷன் கடை. முதல் சந்தில் ராத்திரி பதினொன்றரைக்கும் பெண்கள் தனியாக வருவார்கள். அங்கே ஒரு அக்கா இட்லி வண்டி போட்டிருப்பார், எதிரே இஸ்திரி வண்டி, கம்பத்து விளக்குக்குக் கீழே கேரம் போர்டு, வீட்டு வாசல்கள் எல்லாம் சந்தைப் பார்த்து இருக்கும். இரண்டாவது சந்தில் ஒரு பக்கம் முழுக்க பழைய குடோன் மதில், ஒரு வாசல்கூட அதைப் பார்த்து இல்லை, கம்பத்தில் விளக்கு எரிந்தால் அது பண்டிகை. முனையில் டாஸ்மாக் பாரின் பின்வாசல். பறிப்பு, அடிதடி, பெண்களிடம் வம்பு எல்லாம் அந்த இருநூறு அடிக்குள்தான். ஆட்கள் ஒன்று, இடம்தான் வேறு. இதை வைத்துப் பேசலாமா?

மின்ட்டுக்காரன்:
பேசலாம், ஆனால் சாக்குச் சொல்லும் இழையாக மாற்றிவிடாதீர்கள். நானும் இதே பக்கம்தான் பிறந்தேன். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர். அப்பா ஹார்பரில் மூட்டை தூக்கினார். நான் கத்தி தூக்கவில்லை. எங்கள் வரிசையில் முக்கால்வாசிப் பேர் தூக்கவில்லை. மதில் இருட்டாக இருந்தால் உடனே ஒருவன் திருடன் ஆகிவிடுவானா? வளர்ப்பு சரியில்லை, பெற்றவர்கள் கேட்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். விளக்கின் மேல் பழி போடாதீர்கள்.

தரவுப்பித்தன்:
மின்ட்டு அண்ணா, நீங்கள் சொன்ன "முக்கால்வாசிப் பேர் தூக்கவில்லை" என்பதுதான் இந்த விஷயத்தின் மையமே. அதை நீங்கள் எதிர்வாதமாக வைப்பதுதான் வேடிக்கை.

சிகாகோவில் கிளிஃபோர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்று இரண்டு பேர், சிறார் நீதிமன்றத்துக்கு வந்த பையன்களின் வீட்டு முகவரிகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். பல பத்தாண்டுகளின் பதிவுகள், 1942-ல் வெளியிட்டார்கள். நகர மையத்தை ஒட்டி, ஆலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் பக்கத்தில் இருந்த பேட்டைகளில் எண்ணிக்கை எப்போதும் மேலே. இது யாருக்கும் தெரிந்ததுதான். முக்கியமானது அடுத்து வருவது. அந்தப் பேட்டைகளில் முதலில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர், அப்புறம் போலந்துக்காரர், இத்தாலியர் என்று குடியிருந்த சனம் ஒட்டுமொத்தமாக மாறிக்கொண்டே இருந்தது. சனம் மாறியும் அந்த இடத்தின் விகிதம் அவ்வளவாக அசையவில்லை. அங்கிருந்து வெளியே குடிபோன கூட்டத்தின் பிள்ளைகளிடம் குற்றம் குறைந்தது. "அந்தச் சாதி அப்படி, அந்த இனம் அப்படி" என்ற பேச்சுக்கு அன்றைக்கே விழுந்த அடி அது.

கேட் அண்ணன் சொன்ன இரண்டு சந்துக் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று 1989-ல் வந்தது. மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மன் குழுவினர் முகவரி வாரியாகப் பிரித்தார்கள். சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்து பாதி அழைப்புகள். அதாவது "கெட்ட ஏரியா" என்று நாம் சொல்லும் இடத்திலும் பெரும்பாலான தெருக்கள் அமைதியாகத்தான் இருக்கின்றன. கெட்டது ஒரு பார், ஒரு பஸ் ஸ்டாப், ஒரு முட்டுச்சந்து. வியாசர்பாடி முழுவதையும் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தால் டிஆர்பி குறையும்.

பழைய பின்னி:
சிகாகோ இருக்கட்டும், பட்டாளம், புளியந்தோப்பைப் பார்ப்போம். பி அண்ட் சி மில், அதாவது பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் துணி ஆலை, 1996-ல் மூடியபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. சம்பளம் போனது எல்லோரும் சொல்வது. அதோடு போன இன்னொன்றை யாரும் எழுதுவதில்லை. மூன்று ஷிப்ட் நடந்த காலத்தில் ராத்திரி பத்தரைக்கும் தெருவில் ஆயிரக்கணக்கில் ஆள் நடக்கும். டீக்கடை மூடாது. சைக்கிள் டயனமோ வெளிச்சமே வரிசையாகப் போகும். சந்தில் நின்று ஒருத்தியின் கையைப் பிடிக்க எவனுக்கும் தைரியம் வராது, ஏனென்றால் பின்னால் வருகிறவர் அவள் மாமாவாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். பையன் கெட்டுப் போகிறான் என்றால் அப்பாவிடம் சொல்லவே வேண்டாம், டிபார்ட்மென்ட் மேஸ்திரியிடம் சொன்னால் போதும், மறுநாள் அப்பா தலைகுனிந்து வருவார். யூனியன் ஆபீசில் குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்து நடக்கும். 1918-ல் தொடங்கிய சங்கம், இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்று, சம்பள உயர்வு மட்டும் கேட்கவில்லை.

மில் மூடிய பிறகு எங்கள் வரிசையில் பாதிப் பேர் வாசலில் உட்கார்ந்தோம். அப்பன் கையைப் பிடித்துக்கொண்டு மில்லுக்குள் நுழைந்திருக்க வேண்டிய பையன்கள் மீட்டர் வட்டி வசூலுக்குப் போனார்கள், ரேஷன் அரிசி மூட்டையை ஆந்திரா ரயிலில் ஏற்றப் போனார்கள். எவனும் ரவுடியாக வேண்டும் என்று போகவில்லை. தினக்கூலி அங்கேதான் கிடைத்தது.

ஆனால் பழைய காலம் தங்கம் என்றும் எழுதிவிடாதீர்கள். 1921 வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாக முடிந்தது, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச்சூடு நடந்தது. ஒரே மில்லில் வேலை செய்தவர்கள்தான் இரண்டு பக்கமும். ஒற்றுமை எல்லாம் ஒரு கோடு வரைக்கும்தான்.

ராயபுரம் ரீட்டா:
நாலு பதிவு ஆகிவிட்டது, அடிபடுவது யார் என்று தலைப்பில் இருக்கிறது, இதுவரை வந்தது எல்லாம் வெட்டுகிற பையன் ஏன் வெட்டினான் என்பது மட்டும்தான். அடிபடுகிறவர்கள் பக்கம் கொஞ்சம் வருகிறேன்.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிற பெண்கள் விடியற்காலை இரண்டு மூன்று மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இடுப்புச் சுருக்கில் அன்றைய முதல் முழுவதும் ரொக்கம். அது தெரியாதவன் யாரும் இல்லை. அதனால் தனியாக யாரும் போக மாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரு ஆட்டோ, ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்ற மூவருக்கும் வாடகை கூடும், கட்டாது என்றால் அன்றைக்குத் தொழில் இல்லை. எந்தக் குற்றமும் நடக்கவில்லை, எந்த ரெஜிஸ்டரிலும் ஏறவில்லை. ஆனால் நஷ்டம் இருக்கிறது, இல்லையா? பத்தாம் வகுப்புப் பெண்ணை டியூஷனிலிருந்து நிறுத்துவதும் அப்படித்தான். மார்க் குறைந்ததற்கு அந்தச் சந்துதான் காரணம் என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

நடந்த பிறகு என்ன ஆகிறது என்பது அடுத்த கூத்து. போனைப் பறித்துவிட்டார்கள் என்று ஒரு ஸ்டேஷனுக்கு என் தங்கையோடு போனேன், எந்த ஸ்டேஷன் என்று சொல்லவில்லை. ரைட்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பறித்தார்கள் என்று எழுதாதேம்மா, தொலைந்துவிட்டது என்று எழுது, சீக்கிரம் ரசீது தருகிறேன், சிம் வாங்கிக்கொள்ளலாம்" என்றார். வேலைக்குப் போக வேண்டிய அவசரம், எழுதிக்கொடுத்துவிட்டாள். ஒரு வழிப்பறி அங்கேயே செத்தது. இப்போது புதுச் சட்டத்தில் பறிப்புக்கென்றே 304 என்று தனிப் பிரிவு வந்துவிட்டது. பிரிவு வந்து என்ன, எழுதினால்தானே.

இன்னொன்று, வீட்டுக்குள் நடப்பது. தெரு இருட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், எங்கள் பக்கத்துப் பெண்கள் அதிகம் அடி வாங்குவது விளக்கு எரிகிற வீட்டுக்குள்தான். அதற்கும் பேட்டைக்கும் சம்பந்தம் உண்டு. சுவர் மெல்லியது, பத்து வீட்டுக்குக் கேட்கும், ஆனால் "புருஷன் பெண்டாட்டி விஷயம்" என்று பத்து கதவும் சாத்திக்கொள்ளும். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணுகிற பக்கத்து வீட்டுக்காரி இருக்கும் தெருவும், டிவி சத்தத்தைக் கூட்டுகிற பக்கத்து வீட்டுக்காரி இருக்கும் தெருவும் ஒன்றில்லை.

மின்ட்டுக்காரன்:
ரீட்டா சொல்வதில் மறுப்பில்லை. அதனால்தான் கேமரா வேண்டும் என்கிறேன். "மூன்றாவது கண்" திட்டம் வந்து தெருவெல்லாம் கேமரா வைத்த பிறகு செயின் அறுப்பவனைப் பிடிப்பது எவ்வளவு சுலபமானது, அதையும் சொல்லுங்கள். எங்கள் கடைக்கு வெளியே இரண்டு வைத்திருக்கிறேன், போலீசே வந்து காட்சி கேட்டு வாங்கிப் போனார்கள், ஆளும் பிடிபட்டான். சமூகவியல் எல்லாம் பேசிக்கொண்டிருந்தால் ஆள் பிடிபட மாட்டான்.

தரவுப்பித்தன்:
கேமரா, நடந்த பிறகு ஆளைப் பிடிக்க நன்றாக உதவும், சந்தேகமே இல்லை. நடக்காமல் தடுக்க வேறு சிலது கூடுதலாக உதவுகிறது, அதற்குச் சோதனை நடத்தியே பார்த்திருக்கிறார்கள். 2016-ல் நியூயார்க்கில் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில், அதாவது அவர்கள் ஊர் ஹவுசிங் போர்டில், குலுக்கல் முறையில் சிலவற்றைத் தேர்ந்து வெளிப்புறத்தில் பெரிய விளக்குக் கோபுரங்களை வைத்தார்கள். வைத்த இடங்களில் ராத்திரியில் வெளியே நடக்கும் பெரிய குற்றங்கள் சுமார் 36 சதவீதம் குறைந்தன. பிலடெல்பியாவில் 541 காலி மனைகளை எடுத்து, சிலவற்றில் குப்பையை அள்ளி, புல் போட்டு, இடுப்பளவு மர வேலி கட்டினார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். ஏழைப் பேட்டைகளில் சுத்தம் செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் இறங்கியது. 2018-ல் வந்த முடிவு. அங்கே யாரையும் கைது செய்யவில்லை, யாருக்கும் புத்தி சொல்லவில்லை. புதரும் குப்பையும் இருந்தால் துப்பாக்கியை ஒளித்து வைக்க இடம், புல்லும் வேலியும் இருந்தால் கிழவர்கள் நாற்காலி போட்டு உட்கார இடம்.

இதை "உடைந்த ஜன்னல்" கதையோடு சேர்த்துவிடாதீர்கள். 1982-ல் வில்சனும் கெல்லிங்கும் எழுதியது, சின்ன ஒழுங்கீனத்தை விட்டால் பெரிய குற்றம் வரும் என்று. அதைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரக் கடைக்காரனையும் பிச்சைக்காரனையும் விரட்டின ஊர்கள் நிறைய. 1997-ல் ராபர்ட் சாம்ப்சன் குழு சிகாகோவின் 343 பேட்டைத் தொகுதிகளில் 8,782 பேரிடம் கேட்டுப் பார்த்ததில் வேறு கதை வந்தது. கேள்விகள் நம் தெருவிலும் கேட்கலாம்: பள்ளிக்கூடம் போகாமல் பையன்கள் முனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஏதாவது செய்வார்களா? வீட்டு வாசலில் கைகலப்பு என்றால்? பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தை மூடப்போகிறார்கள் என்றால் சேர்ந்து போய்க் கேட்பார்களா? "ஆமாம், கேட்பார்கள்" என்று சொன்ன பேட்டைகளில், அதே அளவு வறுமை இருந்தாலும், வன்முறை குறைவு. ஏழ்மை நேரடியாகக் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. ஒருவரை ஒருவர் நம்பிக் குரல் கொடுக்கும் பழக்கத்தைத்தான் அது முதலில் அரிக்கிறது.

வியாசை ரைட் விங்:
அந்தக் கேள்வியை எங்கள் பிளாக்கில் கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்கிறேன். மாடிப்படி மூலையில் நாலு பையன்கள், கையில் கஞ்சா, இல்லையென்றால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுவது, அந்த டேபென்டடால் மாத்திரை இந்தப் பக்கம் என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவது மாடித் தாத்தா கேட்டால் என்ன ஆகும்? ஒன்று, பையன் திருப்பிக் கேட்பான், அதைத் தாங்கலாம். இரண்டு, அவன் பின்னால் இருக்கிற அண்ணன் கேட்பான். மூன்று, தாத்தா போலீசுக்குச் சொன்னால், யார் சொன்னார் என்பது ஒரு மணி நேரத்தில் அந்த அண்ணனுக்கே தெரிந்துவிடும். இந்த மூன்றாவது இருக்கும் வரைக்கும் தாத்தா வாயைத் திறக்க மாட்டார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏதாவது ஒரு சம்பவம் நடந்தால் ராத்திரி வண்டி வரும், ஹவுசிங் போர்டு பையன்களை அள்ளிக்கொண்டு போவார்கள். விளையாடிவிட்டு பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த பையனும் அந்த வண்டியில் ஏறியிருக்கிறான். சந்தேகக் கேஸ், கையெழுத்து, ஊரில் பெரிய தலைவர் வந்தால் ஸ்டேஷனில் உட்கார வைப்பது. ஒரு தடவை புழல் ஜெயிலுக்குப் போனால் முடிந்தது, பதினெட்டு வயதில் உள்ளே போனவனுக்கு அங்கேதான் உண்மையான ஆட்களின் அறிமுகமே கிடைக்கும். வெளியே வந்தால் ஹிஸ்டரி ஷீட், அதாவது ஸ்டேஷனில் அவன் பேரில் ஒரு கண்காணிப்புப் பதிவு. அப்புறம் அவனைத் தேடி எதிரி கோஷ்டியும் வரும், போலீசும் வரும், கம்பெனி எச்.ஆர். மட்டும் வர மாட்டார். முகவரியைப் பார்த்தே பயோடேட்டாவை ஒதுக்குகிற கதை இங்கே எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும், அத்தை வீட்டு முகவரி போட்டு வேலை வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

இங்கே கவனியுங்கள், வெட்டினவன் லிஸ்டையும் வெட்டுப்பட்டவன் லிஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பாதிப் பெயர் இரண்டிலும் இருக்கும். போன வருஷம் அடித்தவன் இந்த வருஷம் அடிபடுகிறான். ரவுடி செத்தான் என்று கமென்ட் போடுகிறவர்களுக்கு அது வேடிக்கை. இங்கே அவன் அம்மா அதே மாடியில்தான் இருப்பார், வெட்டினவன் அம்மாவும் அதே தண்ணீர் லாரி வரிசையில்தான் குடத்தோடு நிற்பார்.

எங்கள் பக்கம் கால்பந்து பயிற்சி நடப்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு முல்லை நகர் மைதானத்தில் வந்து பாருங்கள். பந்து ஒன்றும் மந்திரம் இல்லை, விளையாடினவர்களிலும் கெட்டுப்போனவர்கள் உண்டு. அது கொடுப்பது என்னவென்றால் ஐந்திலிருந்து எட்டு மணி வரைக்கும் பையன் எங்கே இருக்கிறான் என்று ஒரு பெரியவருக்குத் தெரியும். அவ்வளவுதான், அதுவே பெரிது.

கொருக்குப்பேட்டை கேட்:
கேரமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அடித்த காசிமா புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர்ப் பெண்தான், அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அதற்கு முன்னால் மரிய இருதயம், 1996-ல் அர்ஜுனா விருது. டிவிக்காரன் கேமராவை எந்தச் சந்தில் வைக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் வடசென்னை.

எழில்:
நான் இப்போது இருப்பது வடசென்னையில் இல்லை, பெரும்பாக்கம். கால்வாய்க் கரையில் இருந்தோம், எடுத்து இங்கே கொண்டுவந்து போட்டார்கள். நான் பேசலாமா என்று தெரியவில்லை, ஆனால் பின்னி ஐயா சொன்னதும் ரைட் விங் அண்ணன் சொன்னதும் எங்களுக்கு ஒரே நாளில் நடந்தது.

கரையில் இருந்தபோது வீடு மட்டம்தான். மழை என்றால் முழங்கால் தண்ணீர், பாம்பு வரும், கக்கூசுக்கு விடியும் முன்னால் கும்பலாகப் போவோம். ஆனால் எந்தப் பையன் யார் வீட்டுப் பையன் என்று நூறு வீட்டுக்கும் தெரியும். தம்பி பீடி பிடித்தால் அவன் வீடு வந்து சேரும் முன்னால் செய்தி வந்துவிடும். இங்கே எட்டு மாடி. எதிர்வீட்டுக்காரர் சைதாப்பேட்டை, மேல்வீடு வேறு ஏதோ ஆற்றங்கரை. யாரையும் தெரியாது. ஒரு பையனைக் கண்டித்தால் "நீ யார் கேட்க" என்பான், அவன் அம்மாவே அப்படித்தான் கேட்பார், அவர் மேல் தப்பும் இல்லை, நான் யாரென்று அவருக்குத் தெரியாதே. அம்மா பழைய இடத்தில்தான் நாலு வீட்டு வேலை, விட்டால் வருமானம் இல்லை. விடியுமுன் முதல் பஸ் ஏறினால் ராத்திரிதான் திரும்புவார். அதுவரை தம்பி என்ன செய்தான் என்று பார்க்க ஒரு ஆள் கிடையாது. லிஃப்ட் நின்றுவிட்டால் படிக்கட்டு, படிக்கட்டில் விளக்கு இல்லை, அங்கேதான் எல்லாம் நடக்கும். வந்த கொஞ்ச நாளிலேயே ஓலா ஆட்டோக்காரர் முகவரியைக் கேட்டு டிரிப்பை ரத்து செய்ய ஆரம்பித்துவிட்டார். நாங்கள் இன்னும் சாமான் கட்டுகளைக்கூட அவிழ்க்கவில்லை, அதற்குள் எங்களுக்குப் பெயர் வந்துவிட்டது.

மின்ட்டுக்காரன்:
தங்கச்சி, வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் ஏழைகளை நல்ல ஏரியாவுக்கு மாற்றினால் பிள்ளைகள் நன்றாக வருகிறார்கள் என்று இதே தரவுப்பித்தன் ஒரு முறை எழுதினார். அப்போது இடம் மாற்றுவது நல்லது, இப்போது கெட்டதா? ஏதாவது ஒன்று சொல்லுங்கள்.

தரவுப்பித்தன்:
நல்ல கேள்வி, நிஜமாகவே. 1994-லிருந்து 98 வரை பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஐந்து ஊர்களில் சுமார் 4,600 குடும்பங்களைக் குலுக்கல் போட்டு, சிலருக்கு வறுமை குறைந்த பேட்டையில் வாடகை வீடு எடுக்க உதவித்தொகை தந்தார்கள். ஆரம்பத்தில் பெரியவர்களின் வருமானத்தில் ஒன்றும் மாறவில்லை, எல்லோரும் தோல்வி என்றார்கள். 2016-ல் ராஜ் செட்டி குழு மறுபடி பார்த்தபோது, 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பதின்ம வயதில் மாறியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை, கொஞ்சம் பாதகமும் இருந்த மாதிரி தெரிந்தது.

அங்கே குடும்பம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தானே விரும்பி, ஏற்கெனவே நல்லபடி இருக்கிற தெருவுக்குள் போனது. நாம் செய்வது எழில் சொன்ன மாதிரி, பல கரைகளிலிருந்து ஏழைகளை மட்டும் மொத்தமாகப் பெயர்த்து, வேலை இல்லாத ஒரு மூலையில் அடுக்கி வைப்பது. அப்படி அடுக்கிய கண்ணகி நகர் ஒன்றிலேயே 15,000 வீடுகளுக்கு மேல். ஷாவும் மெக்கேயும் எதைக் குற்றத்தின் விளைநிலம் என்றார்களோ, ஏழ்மையும் ஒருவரை ஒருவர் அறியாமையும் சேர்ந்த இடம், அதை நாம் அரசாணை போட்டுக் கட்டிக்கொடுக்கிறோம். கட்டடமாவது உறுதியா என்றால், 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் கைவைத்தால் பூச்சு உதிர்ந்ததை எல்லா சேனலும் காட்டின. அது நல்லவேளையாக அதே பேட்டையில் கட்டியது. பேட்டைக்குள்ளேயே கட்ட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி, பூச்சு வேலையை ஒழுங்காகச் செய்தால்.

பழைய பின்னி:
பெயர் வருவது பற்றி அந்தப் பெண் சொன்னது மனசைத் தைத்தது. இது புதிதில்லை. 1871-ல் குற்றப்பரம்பரைச் சட்டம், 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, 1947-ல்தான் இங்கே ஒழிந்தது. பிறந்த குழந்தையின் மேலேயே முத்திரை. அதை ஒழித்த அடுத்த வருஷமே "வழக்கமான குற்றவாளிகள்" என்று வேறு சட்டம் போட்டார்கள். 1982-ல் குண்டர் சட்டம், விசாரணையே இல்லாமல் ஓராண்டு உள்ளே வைக்கலாம். நான் ரவுடிகளுக்கு வக்காலத்து வாங்கவில்லை, ஒருவன் வெளியே வந்தால் தெருவே நடுங்கும் என்றால் அவன் உள்ளே இருப்பது எனக்கும் நிம்மதிதான். ஆனால் அவனை உள்ளே வைத்த அதே சந்தில், அதே பார் பின்வாசலில், அடுத்த பையன் நிற்கிறான் பாருங்கள், அவனுக்கு என்ன ஏற்பாடு?

ராயபுரம் ரீட்டா:
கணக்கு விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். எந்தப் பேட்டையில் குற்றம் அதிகம் என்று நாம் பார்ப்பது எல்லாம் ஸ்டேஷனில் பதிவானது. போலீஸ் அதிகம் சுற்றும் இடத்தில் கேஸ் அதிகம் வரும், "தொலைந்தது" என்று எழுத வைக்கும் இடத்தில் குறையும். அமெரிக்காவில் 1970-களிலிருந்தும் இங்கிலாந்தில் 1982-லிருந்தும் வீடு வீடாகப் போய் "உங்களுக்கு என்ன நடந்தது, போலீசுக்குச் சொன்னீர்களா, இல்லையென்றால் ஏன்" என்று அரசே கேட்கிறது. நம் ஊரில் அந்த மாதிரி தொடர்ச்சியாக யாரும் கேட்பதில்லை. கேட்டால் காசிமேட்டு ஆட்டோ வாடகையும் அதில் வரும்.

வியாசை ரைட் விங்:
போலீசை முழுக்கத் திட்டி முடித்துவிட வேண்டாம். பள்ளிக்கூடங்களில் மாணவர்களுக்காகப் போலீசின் "சிற்பி" திட்டம் நடக்கிறது, முதல் தடவை சிறைக்குப் போன இளைஞர்களுக்காக "பறவை" என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பழைய போலீஸ் சிறுவர் மன்றத்தில் கேரம், குத்துச்சண்டை பழகியவர்கள் எங்கள் அப்பா தலைமுறையில் நிறையப் பேர். ஒரு எஸ்.ஐ. நல்லவராக வந்தால் பிளாக்கே மாறும். அவர் டிரான்ஸ்பர் ஆனால் எல்லாம் பழையபடி, அதுதான் பிரச்சினை.

கொருக்குப்பேட்டை கேட்:
சரி, பேசியது போதும், என் இரண்டாவது சந்துக்கு வருவோம். போன வாரம் நாலைந்து பேர் சேர்ந்து ராத்திரி நடந்து கம்ப எண்களைக் குறித்தோம். எரியாத கம்பங்களை எண்ணோடு மாநகராட்சிப் புகார் எண் 1913-ல் பதிந்திருக்கிறோம், ஆளுக்கு ஒன்றாக, ஒரே ஆள் எல்லாவற்றையும் போட்டால் ஒரே புகாராக மூடிவிடுகிறார்கள். மதில் யாருடையது என்பதுதான் சிக்கல், ஒரு துறை இன்னொரு துறையைக் காட்டுகிறது. பார் பின்வாசலுக்குத் தனி மனு. அப்புறம் என் யோசனை, முதல் சந்து இட்லி அக்காவை வாரத்தில் பாதி நாள் இந்த முனையில் வண்டி போடச் சொல்லலாம். ஒரு அடுப்பும் நாலு வாடிக்கையாளரும் இருந்தாலே அந்த இடம் மாறிவிடும்.

மின்ட்டுக்காரன்:
அந்த வண்டியா? அதை அப்புறப்படுத்தச் சொல்லி நலச்சங்கத்தில் போன மாதம்தான் மனு எழுதினோம், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சாக்கடை மேலேயே அடுப்பு, கழுவின தண்ணீர் தெருவில், பைக் போக வழியில்லை.

ராயபுரம் ரீட்டா:
அண்ணே! பதினொன்றரை மணிக்குப் பெண்கள் தைரியமாக வருகிற ஒரே சந்தில் இருக்கிற இட்லி வண்டியை எடுக்க மனுவா? கேமரா வேண்டும் என்று இத்தனை பதிவு போட்டீர்கள், அந்த அக்கா கேமராவைவிட அதிகம் பார்ப்பார், பார்த்ததோடு நிற்காமல் கரண்டியைத் தூக்கிக்கொண்டும் வருவார்.

தரவுப்பித்தன்:
2014 தெருவோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பில் இருக்கிறவரை அப்படி நினைத்த மாத்திரத்தில் தூக்க முடியாது. அவரிடம் அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை கேட்:
இருக்கிறது, லேமினேட் போட்டு வண்டியிலேயே மாட்டி வைத்திருக்கிறார்.

மின்ட்டுக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கிறது, மனுவை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன். வாக்குறுதி இல்லை. வளர்ப்புதான் முக்கியம் என்பதில் எனக்கு மாற்றமில்லை. சாக்கடை மேல் அடுப்பு வைப்பதும் தப்புதான்.

எழில்:
சாக்கடைக்கு மூடி போடச் சொல்லி ஒரு மனு எழுதினால் அந்தக் கையெழுத்தெல்லாம் அதற்கே ஆகுமே அண்ணா?